ஆறு வாரம் ஓய்வு: யார் கணக்கில்?

விக்ரோலி மேற்கில் பார்க்சைட் குன்றின்மீது ஏறும் படிகளை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தண்ணீர்க் குடமும் எரிவாயு உருளையும் சுமந்து முப்பது ஆண்டுகளாக அப்படிகளில் ஏறி இறங்கும் நம் தோழர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் இடது கையில் மாவுக்கட்டோடு கிளைக் கூட்டத்துக்கு வந்தார். அவர் விழுந்தது படியில் அன்று. லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டிய ஒரு கிடங்கில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது, ஈரப் பலகை வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். பதினேழாம் நாள் அவர் மீண்டும் கிடங்கில் நின்றார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் கடிந்துகொண்டோம். 'உடம்பு முக்கியம் தோழர்' என்று ஒருவர் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, வீட்டு வாடகை எவ்வளவு, மகளின் கல்லூரிக் கட்டணத் தவணை எப்போது என்று இரண்டே கணக்குச் சொன்னார். அதன்பின் எவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. உடல்நலம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. சொல்பவர் சரியானதைத்தான் சொல்கிறார். கேட்பவரால் அதைச் செய்ய முடிவதில்லை. பழி மட்டும் கேட்பவர் தலையில் விழுகிறது.

ஆனால் எனக்கு அன்று அதைவிட உறுத்தியது வேறொன்று. மருத்துவமனையில் எழுதிய கேஸ் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் 'வீட்டில் வழுக்கி விழுந்தது' என்று எழுதியிருந்தது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஆட்டோ பிடித்துக் கொடுத்து, ஐநூறு ரூபாயைச் சட்டைப்பையில் வைத்து, அப்படிச் சொல்லும்படி சொல்லியனுப்பியிருக்கிறார். வலியில் துடிக்கும் மனிதர் அதை அப்படியே ஒப்பித்துவிட்டார். அந்த ஒற்றை வரியால் வேலையிட விபத்து வீட்டு விபத்தாக மாறியது. ஆறு வார ஓய்வுக்கான செலவு முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

ஆறு வாரம் என்பது மருத்துவர் வாய்க்கு வந்தபடி சொல்லும் கணக்கன்று. எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது, வீக்கம் வருகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான ஓர் இணைப்பு உருவாகிறது. அதில் கால்சியம் படிந்து கெட்டிப்பட, கையானால் ஏறத்தாழ ஆறு வாரமும் காலானால் பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். பழைய வலிமைக்குத் திரும்ப மேலும் பல மாதங்கள் பிடிக்கும். பதினேழாம் நாள் ஐம்பது கிலோ மூட்டைக்குக் கை கொடுத்தால், அந்த மென்மையான இணைப்பு விலகும். எலும்பு கோணலாகச் சேரும். வலி போனாலும் பிடிப்பு வலிமை திரும்பாது. மூட்டை தூக்குபவருக்குப் பிடிப்பு போவது தொழில் போவதாகும்.

அந்தப் பதினேழு நாளில் அவருக்குக் கிடைத்த அறிவுரைகளுக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து அண்ணி தொலைபேசியில் ஆட்டுக்கால் சூப் வைத்துக் குடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர்க் கட்டுப் போடலாம் என்றார். கைப்பேசியில் திரண்ட தோளுடைய ஓர் இளைஞர், நாள்தோறும் புரதப்பொடி குடித்தால் பாதி நாளில் எலும்பு கூடும் என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து உறுதியளித்தார். அந்தப் பொடியின் ஒரு டப்பா, நம் தோழரின் ஒரு வாரக் கூலியை விழுங்கிவிடும்.

இவற்றைக் கேலி செய்து ஒதுக்குவது எளிது. ஒவ்வொன்றிலும் எது மெய் என்று பிரித்துச் சொல்வதுதான் அவருக்குப் பயன்படும். ஆட்டுக்கால் சூப் உடலுக்குத் தெம்பு தரும். ஆனால் எலும்பிலிருந்து குழம்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முள்ளோடு மென்று தின்னும் சிறுமீன், இங்கே மாந்தேலி என்று விற்பது, அதற்கும் நல்லது. நாட்டுக் கட்டுப் போடுபவர்களில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று விரலை இழந்தவர்களும் இருக்கிறார்கள். மாவுக்கட்டேயானாலும், விரல் நுனி நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கட்டுப் போட்ட நாள் முதலே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். கையைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைக்க வேண்டும். ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அடிபட்ட இடத்தின்மேல் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டு மற்றதையெல்லாம் இயங்க வைப்பதே இங்கே ஓய்வு. பீடியும் தம்பாக்கும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும், கேட்பவர் முகம் சுளித்தாலும்.

இனிப் புரதம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. காயம் ஆறும் காலத்தில் அதைவிடக் கூடுதலாக, எழுபது கிராம் அளவில் தேவைப்படும். அதற்கு டப்பா வேண்டியதில்லை. இரண்டு முட்டையில் பன்னிரண்டு கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஐம்பது கிராம் என்று கொண்டால், இன்னொரு பன்னிரண்டு. அறுபது கிராம் பருப்பில் பதின்மூன்று. சோறும் சப்பாத்தியுமாக உண்ணும் தானியத்தில் முப்பது. எழுபதை நெருங்கிவிடும். கணக்கு எளிது. ஆனால் கூலி நின்றுபோன வீட்டில் முதலில் குறைவது முட்டை, அடுத்துப் பருப்பு. அதாவது உடலுக்குப் புரதம் அதிகமாக வேண்டிய அதே வாரங்களில்தான் தட்டிலிருந்து அது மறைகிறது.

மத்தியத் தொகுப்பிலிருந்து மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் வருகிறது. 2023 முதல் அதற்கு விலையில்லை. அதில் பருப்பு இல்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கொடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பருப்பு ரேஷனில் எட்டிப்பார்த்தது பண்டிகைக்குப் பண்டிகைதான்: 2022 தீபாவளிக்கு ரவை, கடலைப்பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஒவ்வொரு கிலோ வைத்து நூறு ரூபாய்க்குப் பை ஒன்று கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் வாரம் ஒரு முட்டை என்று 2023 இறுதியில் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அதற்கான நிதியை அரசு நிறுத்திக்கொண்டு, வேண்டுமானால் நன்கொடை திரட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. அதே 2025இல் பிரதமர் உடல்பருமனைக் குறைக்கச் சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறையுங்கள் என்று நாட்டு மக்களுக்கு அறிவுரை சொன்னார். அந்த அறிவுரையில் மருத்துவப் பிழை ஒன்றுமில்லை. எண்ணெயைக் குறைக்கச் சொல்ல அரசுக்குச் செலவில்லை, முட்டை கொடுக்கச் செலவுண்டு.

உணவு மருந்துக்கு நிகராகுமா என்று ஐயப்படும் தோழர்களுக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் சென்னைக் காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் வைத்து நல்ல உணவு கொடுத்துச் சிகிச்சை தருவதற்கும், குடிசையிலேயே மாத்திரை கொடுப்பதற்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது. ஏழை நாடுகளுக்கு அது பெரும் விடுதலை. ஆயினும் அதைச் சாக்காக வைத்து, மாத்திரை போதும், சோறு உங்கள் பாடு என்று பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அதே சென்னை நிறுவனம் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்தது. நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஒன்றரைக் கிலோ பருப்பு! பம்பாயில் இதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். சுமைத் தொழிலாளருக்கு இடுப்புவலி வராமலிருப்பது அரிது. பெரும்பாலும் சில வாரங்களில், மெல்ல நடமாடிக்கொண்டிருந்தாலே தணிந்துவிடும். ஆனால் வலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காலில் வலு குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம்மிடையே ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? நாள் முழுதும் மூட்டை தூக்குகிறானே! நானும் வெகுநாள் அப்படித்தான் பேசிவந்தேன். டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைத் துருவிப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் ஓடுவதும் நீந்துவதும் இதயத்தைக் காக்கின்றன. வேலையில் செய்யும் கடும் உடலுழைப்பு அப்படிக் காப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வேலையில் மிகுந்த உடலுழைப்புச் செய்யும் ஆண்கள் அகாலத்தில் இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு அதிகம். பயிற்சி என்பது சிறிது நேரம் கடுமையாக இயங்கி, பின்பு உடல் ஆறுவதற்கு இடம் விடுவது. மூட்டை தூக்குபவர் எட்டு, பத்து மணி நேரம் ஒரே தசையை வதைக்கிறார். நிறுத்தும் நேரத்தை அவர் தீர்மானிப்பதில்லை. இரத்த அழுத்தம் நாள் முழுதும் ஏறியே நிற்கிறது. ஆறுவதற்குள் மறுநாள் விடிகிறது. நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அது 1960களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவி விற்பதற்குப் பிடித்த எண். பார்க்சைட் படிகளில் குடத்தோடு ஏறும் பெண் அதைக் காலை பத்து மணிக்குள் முடித்திருப்பார். அவருடைய மூட்டுவலி அந்தக் கருவியில் பதிவாவதில்லை.

எனவே உழைப்பாளியின் உடல்நலத்தில் முதல் கேள்வி வேலைநேரம். வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பதால் பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. விக்ரோலியை அடுத்த பவாயில் பெரிய வளாகம் வைத்திருக்கும் எல் அண்ட் டியின் தலைவர் 2025 ஜனவரியில் வாரம் 90 மணி நேர வேலை பற்றிப் பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, ஆலைகளில் நாள் வேலைநேர உச்சவரம்பை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணியாக உயர்த்த ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த பன்னிரண்டு மணி நேரச் சட்டத்திருத்தத்தைத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு பத்தே நாளில் திரும்பப் பெறச் செய்தது என்பதை இங்குள்ள தோழர்கள் மறக்க வேண்டாம்.

உடலையும் வேலையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இந்தப் பகுதியிலேயே ஒரு மருத்துவர் கண்டுகொண்டார். தத்தா சாமந்த் காட்கோபரில் சிறு மருத்துவமனை வைத்து, இந்தக் குன்றுப் பகுதிகளின் கல்குவாரித் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்தவர். நசுங்கிய விரலும் தூசியடைத்த நுரையீரலும் திரும்பத் திரும்ப அவரிடம் வந்தன. குவாரித் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியதில்தான் அவருடைய தொழிற்சங்க வாழ்க்கை தொடங்கியது. 1972இல் விக்ரோலி கோத்ரெஜ் ஆலைப் போராட்டத்தோடும், 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தோடும் அவர் பெயர் சேர்ந்தது; 1997 ஜனவரி 16 அன்று பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொழிற்சங்க முறைமீது நமக்குக் கடுமையான விமர்சனங்கள் இருந்தன, இன்றும் உண்டு. ஆனால் மருந்துச் சீட்டு எழுதிய கையாலேயே கோரிக்கைப் பட்டியலும் எழுதியதில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுபவர் ஈஎஸ்ஐயில் பதிவாகியிருந்தால், வேலையிட விபத்தில் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. ஈஎஸ்ஐ இல்லாத இடத்தில் முதலாளியே இழப்பீடு தரவேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அதுவும் அடங்கியிருக்கிறது. மூட்டை தூக்குபவருக்கென்றே மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டம் இருக்கிறது. வாரியத்தில் பதிந்துவிட்டால் கூலியோடு முதலாளி கட்டும் தீர்வையிலிருந்து வைப்பு நிதியும் மருத்துவமும் கிடைக்கும். அதனால்தான் நம் தோழரைக் கிடங்கின் ஏட்டில் மாத்தாடி என்று எழுதாமல் 'ஹெல்பர்' என்று எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் இடதுசாரி அரசின் காலத்தில் சுமையின் உச்சவரம்பு 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைக்கப்பட்டது. இதைக் காட்டிலும் நேரடியான இடுப்புவலி வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தனை உரிமைகளும் அந்தக் கேஸ் பேப்பரின் ஒரு வரியில் நழுவிப் போகின்றன. ஆகவே நம் கிளைகள் சொல்லவேண்டிய முதல் உடல்நல அறிவுரை இதுவாக இருக்கட்டும்: அடிபட்டு மருத்துவமனைக்குப் போனால், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது விழுந்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அதன் நகலைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். உடன் வேலை செய்த இருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுப் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் கட்சியில் இருக்கிறது. பட்டினியாகக் கூட்டம் நடத்துவதையும், ஆறு கோப்பைத் தேநீரில் நாளைக் கழிப்பதையும், நீரிழிவு மாத்திரையை மறப்பதையும் தியாகம் போலச் சொல்லிக்கொள்கிறோம். இரத்த அழுத்த மாத்திரையைத் தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிட்டு ஊர்வலத்தில் மயங்கி விழுந்த மூத்த தோழரை எங்கள் பகுதியில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். நாட்டில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டனர் என்று 2023இல் வந்த கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்குக்கு வெளியே கட்சி உறுப்பினர் என்றொரு தனி இனம் கிடையாது. கிளைக்கு ஓர் இரத்த அழுத்தமானி வாங்கி, கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் அளந்துகொள்வதென்று முடிவெடுத்தோம். முதல் முறை பதினொருவரில் நால்வருக்கு அதிகமாக இருந்தது. அதில் நானும் ஒருவன்.

கன்னம்வார் நகரிலுள்ள மாநகராட்சியின் மகாத்மா ஜோதிபா புலே மருத்துவமனைக் கட்டடம் பழுதடைந்ததென்று மூடப்பட்டு ஆண்டுகள் பலவாகின்றன. ஆகவே விக்ரோலிக்காரர் எலும்பு முறிவுக்குக் காட்கோபர் ராஜாவாடிக்கோ சயனுக்கோ போகவேண்டியிருக்கிறது. பிசியோதெரபி காலை நேரத்தில். அதாவது ஒவ்வொரு முறையும் பாதி நாள் கூலி. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு நம் தோழரின் விரல்கள் உள்ளங்கையைத் தொடவில்லை. எலும்பு சற்றே விலகிச் சேர்ந்திருக்கிறது. இனிப் பயிற்சிதான் வழி என்கிறார்கள். கூடவே வேலை செய்த இரண்டு பீகார்த் தொழிலாளர்கள், விழுந்ததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் இப்படியொரு ஆள் தம்மிடம் வேலை செய்ததே இல்லை என்கிறார். வழக்கு நடக்கிறது. அதுவரை பயிற்சிக்குப் போகும் நாள்களின் கூலியைக் கிளை பகிர்ந்துகொள்கிறது. முறை வைத்து ஒருவர் துணைக்குப் போகிறோம். வரும் செவ்வாய் என் முறை.